4கே வீடியோ இழுத்து இழுத்து ஓடுகிறதா? கிராபிக்ஸ் கார்ட் வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

கேள்வி சுருக்கமாக இது: ஹட்டன் பக்கத் தோட்ட வீடொன்றில் பாவித்த டெல் ஒப்டிபிளெக்ஸ் 3020 இருக்கிறது. 4வது தலைமுறை ஐ5, 4 ஜிபி ரேம் ஒற்றைத் துண்டு, விண்டோஸ் 10. யூடியூபில் க.பொ.த. உயர்தரப் பாடங்கள் 1080 தரத்தில் பரவாயில்லை. 4கே வைத்தால் படம் நின்று நின்று போகிறது, சத்தம் மட்டும் ஒழுங்காக வருகிறது. வீடியோக்காரர் கொடுத்த கல்யாண வீடியோவும் ட்ரோன் காட்சி வரும் இடங்களில் இழுக்கிறது. இதையெல்லாம் புதிய 43 அங்குல 4கே டிவியில் பார்க்க வேண்டும். ப்ரொசெஸரை ஐ7 ஆக்கி ஜிடி 730 கார்டும் போட்டால் சரியாகும் என்கிறார் கடைக்காரர். போடலாமா?

போட வேண்டாம். ஐ7க்குக் கொடுக்கும் காசும் வீண், ஜிடி 730க்குக் கொடுக்கும் காசும் வீண்.

வீடியோ பைல் என்பது அமுக்கி வைத்த படங்கள். 1920க்கு 1080 அளவில் நொடிக்கு 25 படம் என்றால், அமுக்காத நிலையில் நொடிக்குக் கிட்டத்தட்ட 78 மெகாபைட் வரும். போன் அதை ஏறக்குறைய 2 மெகாபைட்டுக்குள் அடக்கிவிடுகிறது. ஓட்டும்போது கணினி அதைத் திரும்ப விரிக்க வேண்டும். இதைத்தான் டிகோட் என்கிறோம். நொடிக்கு 25 படம் என்றால் ஒரு படத்தை விரிக்க 40 மில்லிசெக்கன் கிடைக்கும். 60 படம் என்றால் 16.7 மட்டுமே. அதற்குள் முடியாத படத்தை பிளேயர் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். சத்தத்தை விரிப்பது மிக லேசான வேலை என்பதால் அது தடையில்லாமல் வந்துகொண்டிருக்கும். 4கே என்பது 3840க்கு 2160. 1080ஐப் போல நான்கு மடங்கு புள்ளிகள். 4கேயில் 60 படம் ஓட்டுவது, 1080இல் 30 படம் ஓட்டுவதைப் போல எட்டு மடங்கு வேலை.

இந்த வேலையை ப்ரொசெஸரின் கோர்கள் மென்பொருள் வழியாகச் செய்யலாம். அல்லது கிராபிக்ஸ் பகுதிக்குள் இதற்கென்றே பதித்திருக்கும் ஒரு சிறு மின்சுற்று செய்யலாம். இன்டெல் அதைக் குவிக் சிங்க் என்கிறது, என்விடியா என்விடெக் என்கிறது, ஏஎம்டியின் புதிய சிப்புகளில் அதன் பெயர் விசிஎன். வீடியோவை அமுக்கும் முறைக்குக் கொடெக் என்று பெயர். அந்தச் சுற்றுக்குத் தெரிந்த கொடெக் என்றால் 4கே ஓடும்போதும் கோர்கள் ஏறக்குறைய சும்மா இருக்கும். தெரியாத கொடெக் என்றால் சுற்று ஒதுங்கிவிடும், முழுச் சுமையும் கோர்களின் தலையில். அதனால்தான் 7வது தலைமுறை ஐ3 ஒன்று அலுங்காமல் ஓட்டுகிற பைலில், 4வது தலைமுறை ஐ7 விசிறி அலற அலறத் திணறுகிறது. கடையில் முதலில் கேட்க வேண்டியது, இந்தச் சிப்புக்கு எந்தெந்தக் கொடெக் தெரியும் என்பதே.

கவலைப்பட வேண்டிய கொடெக்குகள் நான்கு. எச்.264 பழையது. 2011இல் வந்த 2வது தலைமுறை இன்டெல் முதல் எல்லாவற்றுக்கும் தெரியும். எச்.265, அதாவது ஹெவிசி, புதிய போன்களும் ட்ரோன்களும் பதிவு செய்வது. விபி9, ஏவி1 இரண்டும் யூடியூப் தருபவை. யூடியூப் 1080 வரைக்கும்தான் எச்.264 பிரதி வைத்திருக்கிறது. அதற்கு மேல் விபி9 அல்லது ஏவி1 மட்டுமே. 1080இல் குரோம் வழக்கமாக எடுக்கும் விபி9ஐ உங்கள் ஐ5 கோர்களை வைத்தே சமாளிக்கிறது. 4கேயில் அந்தச் சமாளிப்பு முடிந்துவிடுகிறது.

இன்டெலில் தலைமுறையை மொடல் எண்ணே சொல்லும்: ஐ5-4590 என்றால் 4வது, ஐ5-8500 என்றால் 8வது, ஐ5-10400 என்றால் 10வது. 4வதில் எச்.265க்கோ விபி9க்கோ முழுமையான சுற்றுக் கிடையாது. 6வதில் எச்.265 வந்தது, ஆனால் 8 பிட் நிறத்துக்கு மட்டும் (10 பிட் என்றால் நிறம் இன்னும் நுணுக்கமாகப் பதிவாகும்), விபி9 அரைகுறை. 7வதில்தான் எச்.265 10 பிட்டும் விபி9உம் முழுமையாக வந்தன. 8, 9வது தலைமுறைகளும் 10வது தலைமுறை டெஸ்க்டொப்களும் இந்த விஷயத்தில் 7வதைப் போலவேதான். ஏவி1 சேர்ந்தது 11வதில். ஆகவே வீடியோவுக்காகப் பாவித்த கணினி தேடுபவருக்கு வாசற்படி 7வது தலைமுறை. 6வது தலைமுறைப் பெட்டி கொஞ்சம் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஆசைப்பட வேண்டாம்; விலை வித்தியாசம் சிறிது, வேலை வித்தியாசம் பெரிது.

ஏஎம்டி என்றால், 2018இல் வந்த ரைசன் 2200ஜி, 2400ஜி முதல் 5600ஜி வரை எச்.265 10 பிட், விபி9 தெரியும், ஏவி1 தெரியாது. 5000 வரிசை வரைக்கும் எண்ணின் பின்னால் ஜி இல்லாத டெஸ்க்டொப் ரைசன்களுக்கு உள்ளே கிராபிக்ஸ் கிடையாது, தனிக் கார்ட் கட்டாயம். இன்டெலில் எஃப் என்று முடியும் எண்களும் (ஐ3-10100எஃப் போல) அப்படித்தான். "10வது தலைமுறை, அவ்வளவு மலிவு" என்று யாராவது சொன்னால் அந்த எஃப் இருக்கிறதா என்று பாருங்கள்.

இப்போது கடைக்காரரின் கார்ட். ஜிடி 710, ஜிடி 730 இரண்டும் எச்.265 புழக்கத்துக்கு வருமுன் வடிவமைத்த சிப்புகள். எச்.264ஐ நன்றாக ஓட்டும், எச்.265, விபி9 தெரியாது. அதாவது உங்கள் ஐ5இன் உள்ளே ஏற்கனவே இருப்பதற்கு மேல் ஒன்றும் சேராது. இன்றைக்கும் இவை புதுப் பெட்டியில் விற்பனைக்கு வருகின்றன, 4 ஜிபி என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும். அந்த 4 ஜிபிக்கும் டிகோட் செய்வதற்கும் சம்பந்தம் இல்லை.

ஹார்ட்வெயாருக்குக் காசு செலவழிக்குமுன் ஒரு சோதனை. யூடியூப் வீடியோ இழுப்பது கணினியின் குற்றமா, இன்டர்நெட்டின் குற்றமா? வீடியோவின் மேல் மவுஸை வைத்து அதன் வலது பொத்தானை அழுத்தினால் ஸ்டாட்ஸ் ஃபோர் நேர்ட்ஸ் என்று ஒரு வரி வரும். அதைத் திறந்து இரண்டு நிமிடம் ஓடவிடுங்கள். பஃபர் ஹெல்த் (முன்கூட்டியே இறங்கி இருக்கும் வீடியோவின் நீளம்) பூச்சியத்துக்குக் கிட்ட வந்து வட்டம் சுற்றினால் சிக்னல் போதவில்லை. பஃபர் 20, 30 நொடி நிறைந்திருக்க, ட்ரொப் ஆன ஃபிரேம் (விட்டுவிட்ட படம்) எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டே போனால் கணினி போதவில்லை. கொடெக் வரியில் ஏவிசி1 என்றிருந்தால் எச்.264, விபி09 என்றால் விபி9, ஏவி01 என்றால் ஏவி1. யூடியூப் சொல்லும் கணக்குப்படி 1080க்கு நொடிக்கு 5 மெகாபிட், 4கேக்கு 20 மெகாபிட் வேண்டும். மலை மறைக்கும் தோட்டங்களில் 4ஜி ரூட்டருக்கு 20 நிலையாகக் கிடைப்பது அபூர்வம். தகரக் கூரையின் கீழ் அறை நடுவில் வைக்காமல், டவர் இருக்கும் பக்கத்து ஜன்னலில் வைத்துப் பாருங்கள். அதன் பிறகும் 8, 10ஐத் தாண்டவில்லை என்றால், எந்தக் கணினி வாங்கினாலும் யூடியூபில் 1080 தான் உங்கள் எல்லை. அப்போது கணக்கில் மிஞ்சுவது கல்யாண வீடியோ மட்டுமே.

அதற்கும் கணினிதான் வேண்டும் என்றில்லை. அண்மைக்கால 4கே டிவிகளில் பெரும்பாலானவற்றுக்குள் எச்.265 டிகோடர் இருக்கிறது. பைலைப் பென்ட்ரைவில் போட்டு டிவியின் யுஎஸ்பி துளையில் செருகிப் பாருங்கள். ஓடினால் பாதிப் பிரச்சினை செலவில்லாமல் தீர்ந்தது. பைல் 4 ஜிபிக்கு மேலே இருந்தால் ஃபாட்32 பென்ட்ரைவ் ஏற்காது, எக்ஸ்ஃபாட் ஆக ஃபோர்மட் செய்ய வேண்டும். டிவி எக்ஸ்ஃபாட்டை வாசிக்கவில்லை என்றால் என்டிஎஃப்எஸ்.

டிவியும் ஓட்டவில்லை, 7வது தலைமுறைக் கணினியும் ஓட்டவில்லை என்றால், பைல் 4:2:2 வகையாக இருக்கக்கூடும். கல்யாண வீடியோ எடுப்பவர்களின் புதிய கமராக்கள் பல, நிறத்தைக் கூடுதலாகச் சேமிக்கும் இந்த 10 பிட் வகையில் பதிவு செய்கின்றன. சாதாரண டிகோடர்கள் பெரும்பாலும் நிறத்தைக் குறைத்துச் சேமிக்கும் 4:2:0 வகைக்கே செய்தவை. மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் பைலைத் திறந்தால் கொடெக், பிட் அளவு, குரோமா (4:2:0ஆ 4:2:2ஆ என்பது) மூன்றும் தெரியும். 4:2:2 என்று காட்டினால் புதுக் கணினி தேடாதீர்கள். வீடியோக்காரரிடம் எச்.264, 8 பிட், 1080 பிரதியொன்று கேளுங்கள். அவருக்கு அது ஒரு தடவை எக்ஸ்போர்ட் பண்ணும் வேலை. 43 அங்குலத் திரையை 10 அடி தூரத்தில் இருந்து பார்ப்பவருக்கு 1080க்கும் 4கேக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். இதைச் சொன்னால் டிவி வாங்கியவருக்குக் கோபம் வரும், ஆனாலும் உண்மை அதுதான்.

இதற்கெல்லாம் பிறகும் கணினியைத் திருத்தத்தான் வேண்டும் என்றால் மூன்று வழி.

இருக்கிற 3020ஐயே வைத்துக்கொண்டு ஜிடி 1030 போடுவது முதல் வழி. 2017இல் வந்த கார்ட். எச்.265 10 பிட், விபி9 இரண்டும் தெரியும், ஏவி1 தெரியாது. 30 வாட்தான் இழுக்கும், தனி மின்சார வயர் வேண்டாம், ஆகவே டெல்லின் சிறிய பவர் சப்ளையே போதும். உங்களுடையது ஒல்லிப் பெட்டி என்றால் லோ ப்ரொஃபைல் கார்டும் அதற்குரிய குட்டைத் தகடும் வேண்டும். நெட்டைத் தகட்டோடு வாங்கி வந்தால் மூடி பூட்டாது. கார்டின் நினைவகத்தில் டிடிஆர்4 வகை, ஜிடிடிஆர்5 வகை என்று இரண்டு உண்டு. கேம் விளையாடினால் இரண்டாவது, வீடியோ மட்டும் என்றால் எதுவும் சரி. யூடியூப் ஏவி1 அனுப்பித் தொல்லை கொடுத்தால், என்ஹான்ஸ்ட் எச்264இஃபை என்ற பிரவுசர் நீட்சியில் ஏவி1ஐ மட்டும் தடுத்துவிடுங்கள், விபி9 வரும்.

இந்த வழியில் எனக்குத் தயக்கம் உண்டு. விண்டோஸ் 10க்கு மைக்ரோசொஃப்டின் வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இன்டெலில் 8வது தலைமுறையில் இருந்துதான் முறையாக ஏறும். பழைய பெட்டிக்குள் புதுக் கார்ட் போடுவது, கழித்துக்கட்ட வேண்டிய பஸ்ஸுக்குப் புது டயர் மாட்டுவது மாதிரி. கார்ட் பாவித்ததாக, மிக மலிவாகக் கிடைத்தால் மட்டும் செய்யுங்கள்.

இரண்டாவது வழி, 8வது தலைமுறை அலுவலகக் கணினி: டெல் ஒப்டிபிளெக்ஸ் 3060 அல்லது 7060, எச்பி எலைட்டெஸ்க் 800 ஜி4, உள்ளே ஐ5-8500. பிள்ளைகளின் படிப்பு, ஸூம் வகுப்பு, வீடியோ எல்லாவற்றுக்கும் ஒரே கணினி என்றால் என் தெரிவு இதுதான். ஒரு படி கீழே இறங்கி ஒப்டிபிளெக்ஸ் 7050, எலைட்டெஸ்க் 800 ஜி3 பார்க்கிறவர்கள் கவனம்: அந்த மொடல்கள் 6வது தலைமுறைச் சிப்போடும் வந்தன, 7வதோடும் வந்தன. பெட்டியின் பெயரை நம்பாமல் ஐ5-6500ஆ ஐ5-7500ஆ என்று திரையில் பாருங்கள்.

மூன்றாவது, என்100 சிப் உள்ள மினி பிசி. 2023இல் பரவிய சிப், 6 வாட் வகை, ஏவி1 உட்பட நான்கு கொடெக்கும் தெரியும். கனமான வேலைகளுக்கு மெதுவாக இருக்கும், ஆனால் டிவிக்குப் பின்னால் ஒட்டிவைத்து வீடியோ பார்க்க இதைவிடத் தோதானது இல்லை. மின்வெட்டு அடிக்கடி வரும் வீட்டில், இதையும் ரூட்டரையும் சிறிய யுபிஎஸ் ஒன்று பெரிய டெஸ்க்டொப்பைவிட நெடுநேரம் தாங்கும்.

எந்த வழி என்றாலும் ரேமைக் கவனியுங்கள். உள்ளே பதித்த கிராபிக்ஸ், கணினியின் ரேமையே பங்குபோட்டுக்கொள்கிறது. டிடிஆர்3-1600 ஒற்றைத் துண்டாக இருந்தால் நொடிக்கு 12.8 ஜிகாபைட் வழி; ஒரே மாதிரி இரண்டு துண்டு, சரியான துளைகளில் போட்டால் 25.6. 8 ஜிபி ஒன்றைவிட 4 ஜிபி இரண்டு மேல் என்று சொல்வது இதனால்தான். உங்கள் 3020க்கு இன்னொரு 4 ஜிபி துண்டு போடுவது, கார்ட் வாங்காவிட்டாலும் செய்ய வேண்டிய வேலை. என்100இல் இந்த இரட்டை வழியே கிடையாது, அங்கே 8 அல்லது 16 ஜிபி ஒற்றைத் துண்டு போதும்.

எஸ்எஸ்டி போட்டால் விண்டோஸ் பறக்கும், வீடியோ மாறாது. நொடிக்கு 100 மெகாபிட் உள்ள கனமான 4கே பைலுக்கும் 12.5 மெகாபைட் வாசித்தால் போதும்; பழைய ஹார்ட் டிஸ்க்கும் அதைப்போலப் பல மடங்கு வாசிக்கும். ஒவ்வொரு தடவையும் சரியாக அதே இடத்தில் படம் நிற்கிறது என்றால் மட்டும் டிஸ்கில் பழுதான இடம் இருக்கிறதா என்று சந்தேகப்படுங்கள்.

டிவிக்குப் போகும் வயரில் பலர் ஏமாறுகிறார்கள். எச்டிஎம்ஐ 1.4 துளை 4கேயை நொடிக்கு 30 தடவைதான் அனுப்பும், 60க்கு 2.0 வேண்டும். 6வது முதல் 10வது தலைமுறை வரையான அலுவலக டெஸ்க்டொப்களின் எச்டிஎம்ஐ பெரும்பாலும் 1.4 தான். பக்கத்தில் இருக்கும் டிஸ்பிளேபோர்ட் 60ஐத் தரும், ஆனால் அதிலிருந்து டிவிக்குப் போக, 4கே 60 என்று குறிப்பிட்ட அக்டிவ் வகை மாற்றி வேண்டும்; மலிவான சாதாரண மாற்றி 30இல் நின்றுவிடும். 3020இன் பின்னால் எச்டிஎம்ஐ துளையே இல்லை. ஜிடி 1030 போட்டால் அதிலேயே எச்டிஎம்ஐ 2.0 உண்டு, வயரை மதர்போர்டில் செருகாமல் கார்டில் செருக வேண்டும். சொல்லத் தேவையில்லாத விஷயம் போலிருக்கும், கார்ட் போட்டும் பலனில்லை என்று வருகிறவர்களில் பலருக்கு இதுதான் காரணம்.

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் வாங்கிவிட்டு, ஹட்டனுக்கு வந்து குறை கண்டால் திரும்பப் போய்வர ஒரு நாள் போகும். ஆகவே காசு கொடுக்குமுன் கடையிலேயே ஓட்டிப் பாருங்கள். பென்ட்ரைவில் மூன்று பைல்: 1080 எச்.264 ஒன்று, 4கே எச்.265 10 பிட் ஒன்று, உங்கள் கல்யாண வீடியோ ஒன்று. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மனேஜரில் பெர்ஃபோமன்ஸ், அதில் ஜிபியு. 4கே பைல் ஓடும்போது வீடியோ டிகோட் என்ற கோடு மேலே எழ வேண்டும், சிபியு தாழ்ந்தே கிடக்க வேண்டும். டிகோட் கோடு தரையோடு படுத்திருக்க, சிபியு 80, 90 போனால் சுற்று வேலை செய்யவில்லை. கணினியை வேண்டாம் என்று சொல்லுமுன் டிவைஸ் மனேஜரைப் பாருங்கள். டிஸ்பிளே அடப்டர் இடத்தில் மைக்ரோசொஃப்ட் பேசிக் என்று இருந்தால், விண்டோஸ் போட்டவர் கிராபிக்ஸ் ட்ரைவர் போடவில்லை. ட்ரைவர் இல்லாமல் எந்தச் சுற்றும் எழும்பாது. குரோமில் செட்டிங்ஸ், சிஸ்டம் பகுதியில் கிராபிக்ஸ் அக்சலரேஷனும், விஎல்சியில் ப்ரெஃபரன்சஸ், இன்புட் கொடெக்ஸ் பகுதியில் ஹார்ட்வெயார் டிகோடிங்கும் இயங்கும் நிலையில் இருக்க வேண்டும்.

எல்லாம் சரி, ஒரு ஃபிரேமும் விழவில்லை, ஆனாலும் கமரா மெல்லத் திரும்பும் காட்சிகளில் படம் நடுங்குகிறதா? இலங்கை டிவி முறை, நொடிக்கு 25 படம் காட்டும் பால் (PAL) என்பதால் இங்கு கல்யாணம், தேர்த் திருவிழா எடுப்பவர்கள் பலர் 25 அல்லது 50 படத்தில் எடுக்கிறார்கள். திரை 60 ஹேர்ட்ஸில், அதாவது நொடிக்கு 60 தடவை, ஓடுகிறது. 60ஐ 25ஆல் வகுத்தால் 2.4, சில படம் இரண்டு தடவை, சில படம் மூன்று தடவை காட்டப்படும். எந்தக் கார்ட் போட்டாலும் இது போகாது. டிஸ்பிளே செட்டிங்ஸில் அட்வான்ஸ்ட் பகுதிக்குப் போய் 50 ஹேர்ட்ஸ் தெரிவு செய்யுங்கள், இங்கு விற்கும் டிவிகள் ஏற்கும். அசையும் உருவங்களின் ஓரத்தில் சீப்புப் பல் போலக் கோடுகள் தெரிந்தால் அது பழைய இன்டர்லேஸ் பதிவு. விஎல்சியில் டீஇன்டர்லேஸை இயக்கினால் மறையும்.

முதல் 10, 15 நிமிடம் அழகாக ஓடி, பிறகு இழுக்கத் தொடங்கினால் சூடு. நுவரெலியாக் குளிரில் எப்படிச் சூடாகும் என்று கேட்பார்கள். விறகடுப்பு உள்ள லயன் வீட்டில் புகைக்கரி எண்ணெய்ப் பிசுக்கோடு ஹீட் சிங்க் இடுக்கில் அப்பிக்கொள்ளும், ஊதினால் போகாது. விசிறியைக் கழற்றி, ஹீட் சிங்கை ஐசோபுரோபைல் அல்கஹோலும் பிரஷும் கொண்டு துடைத்து, பழைய பேஸ்ட்டை வழித்துவிட்டுப் பயறளவு புதுத் தெர்மல் பேஸ்ட் வையுங்கள். ஈரத்துக்கு, கணினியை வெளிச்சுவரோடு ஒட்டி வைக்காமல் இருப்பதும், மழைக்காலத்தில் நாளுக்கு அரை மணியாவது ஓடவிடுவதும் போதும். வாரக்கணக்கில் மூடிக்கிடந்த பெட்டி பீப் சத்தம் போட்டுக் கிளம்பாமல் நின்றால், ரேமைக் கழற்றிப் பொன்னிறப் பற்களை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்துத் திரும்பப் போடுங்கள்.

கணினியை டிவியோடு இணைத்த பிறகு இடியும் உங்கள் கணக்கில் சேர்கிறது. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரத்தில் இடி முழங்கும்போது கணினியின் ப்ளக்கை மட்டும் கழற்றிவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். கூரையிலுள்ள டிஷ்ஷிலிருந்து வரும் கேபிள், டிவியின் செட்டொப் பெட்டிக்குள் போய், அங்கிருந்து எச்டிஎம்ஐ வழியாக டிவிக்கும், டிவியிலிருந்து இன்னொரு எச்டிஎம்ஐ வழியாகக் கணினிக்கும் பாதை இருக்கிறது. டிஷ் கேபிளையும், டிவிக்குப் போகும் எச்டிஎம்ஐயையும், ரூட்டர் வயர் இருந்தால் அதையும் சேர்த்துக் கழற்றுங்கள்.